வேறெங்கோ செத்த ஃப்யூஸ்

“மொத்த வயரிங்கையும் உரிச்சுப் போட்டுட்டுப் புதுசா இழுக்கணும்” என்றார் பட்டறைக்காரர். காலை வெட்ட வேண்டும் என்று சொல்லவரும் டாக்டரின் முகம் அவருக்கு வந்திருந்தது. “உள்ளே இருக்கிற கம்ப்யூட்டரும் போயிருக்கும். பாவம், நல்ல வண்டி.”

சர்வேயரம்மா அந்தச் சின்ன சிவப்புக் காரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எதை வெச்சு இவ்வளவும் சொல்றீங்க?”

“ஸ்கேனரைச் சொருகினேன். ஸ்கேனர் கண்ணே திறக்கலை.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன?”

“அதைத்தான் நான் கேட்டேன்.”

பட்டறைக்காரர் கையைத் துணியில் அழுத்தித் துடைத்தார். துடைக்கும் அளவுக்கு அதில் அழுக்கு எதுவும் இல்லை. சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ்கள் வரிசையாகத் தொங்கின. எல்லாவற்றிலும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து.

“நாடியே பிடிக்கலை மேடம்” என்றான் ரேடியோ. “ஸ்டெதஸ்கோப் வேலை செய்யலைன்னு ஆளைப் பொதைக்கச் சொல்றார்.”

ரேடியோ அவருடைய உதவியாளன். முப்பது வயது தாண்டியும் வாயை எங்கே மூடுவது என்று தெரியாததால் வந்த பெயர் அது. சர்வேயரம்மாவின் பெயருக்கும் காரணம் இருந்தது. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கிய வண்டிகளைப் பார்த்து, அவற்றின் சொந்தக்காரர்கள் அளக்கும் கதைகளைக் கேட்டு, இரண்டில் எது அதிகமாக வளைந்திருக்கிறது என்று எழுதிக் கொடுப்பதே பாதி ஆயுள் அவருடைய வேலையாக இருந்தது. அதை விட்டுவிட்டுத் தனியாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தபோதும் மனிதர்களைப் பற்றிய அவருடைய அபிப்பிராயம் உயரவில்லை.

இந்த முறை அவரை அமர்த்தியவர் லாரி முதலாளி. அவருடைய தங்கை ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர். வியாழக்கிழமை சாயங்காலத்திலிருந்து ஆளைக் காணோம். மறுநாள் அவளுடைய சிவப்புக் கார் மட்டும் பேருந்து நிலையத்து வாகன நிறுத்தத்தில் கிடைத்தது. “காருக்குள்ளே இன்சூரன்ஸ்காரன் வெச்ச பெட்டி ஒண்ணு இருக்கு. வண்டி எங்கெங்கே போச்சுன்னு சொல்லும். அது வியாழக்கிழமை அவ பள்ளிக்கூட வாசலோட நின்னு போச்சு. என் மாப்பிள்ளைதான் ஏதோ பண்ணியிருக்கான் மேடம். என் தங்கச்சியையும் ஏதோ பண்ணியிருக்கான்” என்று சொல்லி, பெரிய கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். மாப்பிள்ளை என்றது தங்கையின் கணவரை. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். இன்ஸ்பெக்டர் இன்று சாயங்காலம் அவரைக் கைது செய்வதாக இருந்தார். அதற்கு அந்தச் செத்த பெட்டி ஒன்றே போதும் என்பது இன்ஸ்பெக்டரின் கட்சி.

சர்வேயரம்மா டிரைவர் சீட்டில் உட்கார்ந்து குனிந்தார். ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு நேராக, பதினாறு துளைகள் உள்ள சின்ன பிளாஸ்டிக் வாய் தெரிந்தது. காரின் கம்ப்யூட்டரோடு பேசவேண்டுமென்றால் ஸ்கேனரை அந்த போர்ட்டில்தான் சொருக வேண்டும். ஸ்கேனருக்கென்று சொந்த பேட்டரி கிடையாது. கார் ஊட்டினால்தான் அது உயிர் பிழைக்கும்.

“டெஸ்ட் லேம்ப் இருக்கா?”

பட்டறைக்காரர் தேடினார். நவீன பட்டறையில் அப்படிப்பட்ட எளிய பொருள் கிடைக்கச் சற்று நேரமாயிற்று. சர்வேயரம்மா முதலில் விளக்கின் ஒரு முனையை பேட்டரியில் மாட்டி, மறுமுனையால் நான்காவது துளையைத் தொட்டார். விளக்கு எரிந்தது. எர்த் சரியாக இருந்தது. பிறகு முனையைக் காரின் உடம்பில் மாட்டிவிட்டுக் கடைசித் துளையைத் தொட்டார். விளக்கு எரியவில்லை.

“பேட்டரி கரண்ட் வர்ற வயர் ஒண்ணே ஒண்ணுதான். அது வரலை. ரேடியோ, அந்த லைட்டர் குழியில உன் போன் சார்ஜரைச் சொருகு.”

“அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?” என்றார் பட்டறைக்காரர்.

ரேடியோ சொருகிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். “இதுவும் காலி மேடம்.”

“ரெண்டும் ஒரே ஃப்யூஸ்ல குடித்தனம் பண்ணுது. பாதி வண்டிங்கள்ல அப்படித்தான். இதை இந்த ஃப்யூஸ் பெட்டி மூடியிலயே படம் போட்டுச் சொல்லியிருக்கான். படிக்கணும், அவ்வளவுதான்.”

பட்டறைக்காரர் சான்றிதழ்கள் இருந்த பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூடியில் இருந்த படத்தின்படி அந்த இடத்தில் பதினைந்து ஆம்பியர் நீல ஃப்யூஸ் இருந்திருக்க வேண்டும். இடுக்கியால் சர்வேயரம்மா இழுத்தெடுத்தது சிவப்பு. பத்து ஆம்பியர். உள்ளே இருக்கும் மெல்லிய உலோக இழை நடுவில் அறுந்து, இரு பக்கமும் கரிந்திருந்தது. அதன் முதுகில் வெள்ளைப் பெயிண்டால் யாரோ அழகாக ‘7’ என்று எழுதியிருந்தார்கள்.

“எரிஞ்சு போச்சுல்ல. நான்தான் சொன்னேனே, வயரிங் ஷார்ட்” என்று உயிர்த்தெழுந்தார் பட்டறைக்காரர்.

“புது நீல ஃப்யூஸ் ஒண்ணு கொடுங்க.”

அதைப் போட்டதும் ரேடியோவின் போன் மினுங்கியது. ஸ்கேனர் கண் திறந்தது. போர்ட்டின் பின்னாலிருந்து கிளை பிரிந்து டேஷ்போர்டுக்குள் ஒளிந்துகொண்டிருந்த ஒரு வயரின் நுனியில், பெயரோ முத்திரையோ இல்லாத கறுப்புப் பெட்டி ஒன்றில் பச்சைப் புள்ளி மின்னத் தொடங்கியது. சர்வேயரம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வயர்களைப் பிடித்து உலுக்கினார். எல்லா விளக்குகளையும் போட்டார். சாவியைத் திருகி வண்டியை உறுமவிட்டார். நீல ஃப்யூஸ் அசையாமல் நின்றது.

“வயரிங்ல ஷார்ட் இருந்தா இந்தப் புதுசும் இந்நேரம் போயிருக்கணும். போகலை. அப்போ அந்தச் சிவப்பு எதனால எரிஞ்சது?”

சர்வேயரம்மா எரிந்த ஃப்யூஸை உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

“அது இந்தக் கார்ல எரியவே இல்லை. வேற எங்கேயோ செத்த பிணம். இங்கே கொண்டுவந்து போட்டிருக்காங்க. நல்ல ஃப்யூஸைச் சும்மா உருவியிருந்தா காலி இடம் பார்த்தவனுக்குச் சந்தேகம் வரும். செத்த ஃப்யூஸ் கிடந்தா, ‘ஐயோ பாவம், ரிப்பேர்’னு தோணும். உங்க மாதிரி ஆளுங்க வயரிங்கை உரிக்கக் கிளம்பிடுவாங்க.”

அப்போதே அவருடைய போன் அடித்தது. லாரி முதலாளி.

“என்ன மேடம், பெட்டிக்கு உயிர் வந்துடுச்சு போல? நல்லது, நல்லது. வண்டி எங்கெங்கே போச்சுன்னு ஏதாவது தெரிஞ்சுதா?”

“இன்னும் இல்லைங்க. கொஞ்சம் ஓட்டிப் பார்க்கணும். மேடு பள்ளத்துல ஏதாவது உரசினா ஃப்யூஸ் போகுதான்னு தெரியும்.”

“ஓட்டுங்க, ஓட்டுங்க. நல்லா ஓட்டுங்க.”

போனை வைத்த பிறகும் சர்வேயரம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏதோ ஒன்று பல்லிடுக்கில் மாட்டிய மாதிரி உறுத்தியது. அதை எடுத்துப் பார்க்க அவகாசம் தராமல் ரேடியோ சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்துவிட்டான்.

*

கண்ணாடிக் கடை ஒரு சின்ன அறை. மூன்று சுவர்களிலும் ஆளில்லாத கண்ணாடிகள் வரிசையாக நின்று உள்ளே வருபவர்களை முறைத்தன. கடைக்காரர் மெலிந்த மனிதர். பார்வை சோதிக்கும் எழுத்துப் பலகைக்குக் கீழே உட்கார்ந்து, ஒரு லென்ஸின் ஓரத்தைச் சாணை பிடித்துக்கொண்டிருந்தார்.

“போலீஸுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்லணும். எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க.”

“அதை நீங்க சொல்லணும்னு இல்லை, முகத்திலேயே எழுதியிருக்கு” என்றான் ரேடியோ.

சர்வேயரம்மா சிவப்பு ஃப்யூஸை மேஜைமேல் வைத்தார். “இது என்னன்னு சொல்லுங்க.”

அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். திருப்பினார். “விளையாட்டுச் சாமானா?”

“காரோட ஃப்யூஸ் பெட்டி எங்கே இருக்கும்?”

“பேட்டரிக்குள்ளேயா?”

நடிக்கிறாரா என்று சர்வேயரம்மா உற்றுப் பார்த்தார். கடையின் குழல் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. பார்வைக்கு வைத்தியம் பார்க்கிற இடத்தில் அந்த விளக்கை மாற்றக்கூட இவருக்குத் துணிவில்லை. பல்புக்குப் பயப்படுகிற ஆள் ஃப்யூஸில் கை வைத்திருக்க முடியாது. இன்ஸ்பெக்டர் இவரைப் பிடித்து உள்ளே போடவிருந்தார். இன்ஸ்பெக்டர்கள்மீது சர்வேயரம்மாவுக்கு இருந்த மரியாதைக்கு அதற்குமேல் இறங்க இடமில்லை.

“உங்க மச்சான் உங்கமேல சந்தேகப்படுறார்.”

“அவர் யார்மேல சந்தேகப்படலை? கல்யாணத்தன்னைக்கே என் கண்ணாடியைக் கழட்டச் சொல்லிக் கண்ணைப் பார்த்தார்.” சொல்லிவிட்டுச் சாணையை மறுபடி சுழலவிட்டார். அதற்குப் பிறகு வேலையை நிறுத்தவில்லை.

மனைவியைக் காணோம், சாயங்காலம் போலீஸ் வருகிறது, இந்த நிலைமையில் ஒரு மனிதர் இத்தனை அவசரமாக யாருக்குக் கண்ணாடி செய்கிறார்? சர்வேயரம்மாவின் பார்வை மேஜையில் கிடந்த ஃப்ரேமுக்குப் போனது. பழுப்பு நிறம், மேல் ஓரங்கள் பூனைக் காது மாதிரி தூக்கிய பெண்கள் ஃப்ரேம். லாரி முதலாளி தந்த போட்டோவில் டீச்சர் மூக்கில் இருந்ததும் இதேதான்.

அவர் ஒன்றும் கேட்காமல் எழுந்தார். காரில் ஏறியதும் ரேடியோ, “இவர் இல்லைன்னா வேற யார் மேடம்?” என்றான்.

“செத்துப்போன பொண்டாட்டிக்கு யாராவது புதுக் கண்ணாடி பண்ணுவாங்களா?”

ரேடியோ வாயைத் திறந்து, அபூர்வமாக, ஒன்றும் சொல்லாமல் மூடினான்.

“அவ உயிரோட இருக்கா. பழைய கண்ணாடி உடைஞ்சிருக்கு. இந்த ஆளுக்கு அவ இருக்கிற இடம் தெரியும். பெட்டி நின்னுபோன இடத்துக்கு வண்டியை விடு.”

*

பள்ளிக்கூடம் விடுமுறையில் இருந்தது. காவலாளி கேட்டைத் திறந்துவிட்டு மறுபடி நாற்காலியில் சாய்ந்தார். டீச்சரை வியாழக்கிழமைக்கு அப்புறம் பார்க்கவே இல்லை என்று அவராகவே சொன்னார். யாரும் கேட்காமலே அவர் அதைச் சொன்னது சர்வேயரம்மாவுக்குப் பிடித்திருந்தது.

இயற்பியல் ஆய்வகம் மாடியில் கடைசி அறை. நீண்ட மேஜைகள், கண்ணாடி அலமாரிகள், ஊசலாடாமல் தொங்கும் ஊசல்கள். ஓர் அலமாரியில் மரத்தட்டு ஒன்றில் கார் ஃப்யூஸ்கள் ஜோடி ஜோடியாகப் பதித்து வைக்கப்பட்டிருந்தன. நீலம் தவிர ஒவ்வொரு நிறத்திலும் எரிந்தது ஒன்று, நல்லது ஒன்று. பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு. எல்லாவற்றின் முதுகிலும் வெள்ளைப் பெயிண்டில் எண்கள். ஆறுக்கு அடுத்தது எட்டு. நடுவில் ஒரு பள்ளம்.

சர்வேயரம்மா பையிலிருந்த சிவப்பு ஃப்யூஸை எடுத்து அந்தப் பள்ளத்தில் வைத்தார். கச்சிதமாகப் பொருந்தியது.

“டீச்சரம்மாவே பண்ணினதா?” என்றான் ரேடியோ. “தன் கார்ல தானே கை வெச்சு, தானே காணாம போய்... அண்ணன்காரர் அழுத அழுகைக்கு என்ன கணக்கு மேடம்?”

“அங்கே சிங்க்கைப் பாரு.”

விடுமுறையில் ஆளில்லாத ஆய்வகத்தில் சிங்க் ஈரமாக இருந்தது. பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த பீக்கர். அதன் அடியில் டீக்கறை.

“வெளியே வாங்க டீச்சர்” என்றார் சர்வேயரம்மா, ஆய்வகத்தை ஒட்டிய சாமான் அறையின் கதவைப் பார்த்து. “பீக்கர்ல டீ குடிக்கக் கூடாதுன்னு நீங்கதானே பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பீங்க.”

கதவு மெதுவாகத் திறந்தது. கலைந்த தலையோடு, கண்களைச் சுருக்கியபடி ஒரு பெண் நின்றாள். கையில் இரும்புத் தாங்கி ஒன்றை ஓங்கிப் பிடித்திருந்தாள். எதிரே இருப்பவர்களில் யாரை அடிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. உருவங்கள் மங்கலாகத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

“அண்ணன் அனுப்பினாரா?”

“ஆமா.”

தாங்கி இன்னும் உயர்ந்தது. பிறகு, தூக்கிப் பிடிக்கும் வலு தீர்ந்துபோனது போல இறங்கியது. அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

“அவ்வளவுதான். முடிஞ்சுது. இன்னும் ரெண்டு மணி நேரம் தாக்குப் பிடிச்சிருந்தா போதும்.”

“ரெண்டு மணி நேரத்துல என்ன?”

அவள் சொன்னது இது. சில மாதங்களுக்கு முன்னால் ஒரு விடியற்காலையில் லாரி முதலாளி தன் பெரிய காரைத் தானே ஓட்டிக்கொண்டு போனார். பக்கத்து சீட்டில் தங்கை. சைக்கிளில் பால் போட்டுக்கொண்டிருந்த ஒரு மனிதரை வளைவில் அடித்தார். வண்டியை நிறுத்தவில்லை. சாயங்காலம் அவருடைய டிரைவரை வீட்டிலிருந்து கூப்பிட்டு, அவன்தான் ஓட்டினான் என்று ஒப்புக்கொள்ளச் சொன்னார்கள்.

“அன்னைக்கு அவனுக்கு லீவு. மகளுக்குக் காய்ச்சல்னு வீட்டிலேயே இருந்தான். ‘சின்ன கேஸ்தான், நான் வெளியே எடுத்துடுறேன்’னு அண்ணன் சொன்னார். பால்காரர் ஆஸ்பத்திரியில செத்துப்போயிட்டார். கேஸ் பெருசாயிடுச்சு. இன்னைக்கு மத்தியானம் டிரைவரோட வக்கீல் என்னைச் சாட்சியா கூப்பிடுறார்.”

“போலீஸுக்குப் போயிருக்கலாமே?”

“இன்ஸ்பெக்டர் எங்க அண்ணன் வீட்டுலதான் ஞாயித்துக்கிழமை சாப்பிடுவார்.” அவள் கண்ணைத் துடைத்தாள். “உண்மையைச் சொல்லப்போறேன்னு போன வாரம் அண்ணன்கிட்டயே சொன்னேன். சொல்லாம செய்ய மனசு வரலை. அப்பா போனப்புறம் என்னை வளர்த்தது அவர்தான். அவர் ஒண்ணும் சொல்லலை. ‘வண்டி சர்வீஸ் பண்ணித் தரேன்’னு எடுத்துட்டுப் போனார். வியாழக்கிழமை பேனா கீழே விழுந்துதுன்னு ஸ்டீயரிங்குக்கு அடியில தேடினேன். பச்சைப் புள்ளி கண்ணு சிமிட்டுது. பெட்டியைப் பிடுங்கினா நான் பார்த்துட்டேன்னு அவருக்குத் தெரிஞ்சுடும். கரண்ட் போனா ரிப்பேர்னு நினைப்பார். எரிஞ்ச ஃப்யூஸ் இங்கேதான் இருந்துது. மாத்தினேன். காரை பேருந்து நிலையத்துல விட்டுட்டு நடந்தே திரும்பி வந்தேன். வழியில விழுந்து கண்ணாடி வேற உடைஞ்சுது.”

“அது உங்க அண்ணனோட பெட்டி” என்றார் சர்வேயரம்மா மெதுவாக.

பல்லிடுக்கில் மாட்டியிருந்தது இப்போது வெளியே வந்தது. இன்சூரன்ஸ் பெட்டிக்குக் கம்பெனி முத்திரை இருக்கும். வெளிப்படையாகச் சொருகியிருப்பார்கள், திருடன் மாதிரி டேஷ்போர்டுக்குள் ஒளிக்கமாட்டார்கள். பச்சைப் புள்ளி மின்னிய அதே மூச்சில் லாரி முதலாளி போன் செய்தார், உயிர் வந்துவிட்டதா என்று. யார் அவருக்குச் சொன்னது? பட்டறைக்காரர் பக்கத்திலேயே நின்றார். பெட்டியேதான் சொல்லியிருக்கிறது, அவருடைய போனில். ஊரில் உள்ள முட்டாள்களை எல்லாம் காலையிலிருந்து வரிசைப்படுத்தி எள்ளிக்கொண்டிருந்த சர்வேயரம்மா, தங்கையை மோப்பம் பிடிக்க அண்ணன் அமர்த்திய நாய் தான்தான் என்பதைக் கடைசியாகக் கண்டுபிடித்திருந்தார்.

அதைவிட மோசமான ஒன்று அடுத்த கணம் உறைத்தது.

“ரேடியோ, நாம எந்தக் கார்ல வந்தோம்?”

ரேடியோ ஜன்னலுக்கு ஓடினான். ஜன்னலுக்குக் கீழே, ஆய்வகத்துக்கு நேராக, சிவப்புக் கார் வெயிலில் பளபளத்துக்கொண்டு நின்றது. நீல ஃப்யூஸோடு. பச்சைப் புள்ளியோடு.

போன் அடித்தது.

“மேடம்” என்றார் லாரி முதலாளி. குரலில் தேன் வழிந்தது. “ரொம்ப நேரமா பள்ளிக்கூடத்துலயே நிக்குதே வண்டி?”

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“மேட்டுல ஏறி இறங்கினதுல வண்டி கொஞ்சம் சூடாயிடுச்சுங்க. ஆற வெச்சோம். இங்கே காவலாளியைத் தவிர ஈ காக்கா இல்லை. உங்க தங்கச்சி ஊரைவிட்டு மேற்கே போற பஸ் ஏறினதா ஒரு தகவல் கிடைச்சிருக்கு. அதைப் பிடிச்சுட்டுத்தான் கிளம்புறோம்.”

“மேற்கேயா? நானும் பக்கத்துலதான் இருக்கேன். பின்னாடியே வர்றேன்.”

போனை வைத்த சர்வேயரம்மா ரேடியோ பக்கம் திரும்பினார். “சாவி உன்கிட்டதானே. மேற்கே போ.”

“மேற்கே எங்கே?”

“எங்கேயாவது போ. அந்தப் புள்ளியை நிக்க விடாதே. அவர் கண்ணுல மட்டும் படாதே.”

“என்னைப் பிடிச்சா?”

“பேசு. அதுக்கு அப்புறம் அவரே உன்னை விட்டுட்டு ஓடிடுவார்.”

ரேடியோ படிகளில் தடதடவென்று இறங்கினான். அவன் இறங்கிய ஓசை அடங்குவதற்குள் வேறு காலடிச் சத்தம் மேலே வந்தது. டீச்சர் மறுபடி தாங்கியைப் பிடித்தாள். வாசலில் மூச்சிரைக்க நின்றவர் கண்ணாடிக் கடைக்காரர்.

“யாரும் பின்னாடி வரலை. மூணு டாக்ஸி மாறி வந்தேன்” என்றார் பெருமையாக. பிறகு சர்வேயரம்மாவைப் பார்த்து அப்படியே சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

“மூணாவது டாக்ஸி கீழே நிக்குதா?”

“பின்பக்கம். வெயிட்டிங்ல.”

“வாழ்க்கையில முதல் தடவையா உருப்படியா ஒண்ணு பண்ணியிருக்கீங்க. கண்ணாடியை அவங்க கையில கொடுங்க. கிளம்புவோம்.”

டாக்ஸி பின்வாசல் வழியாகச் சந்துக்குள் நுழைந்து பெரிய சாலையைத் தொடும் நேரத்தில், எதிரே லாரி முதலாளியின் வெள்ளைக் கார் வந்தது. டிரைவர் சீட்டில் அவர், மடியில் வைத்த போனைப் பார்த்தபடி. டீச்சர் சட்டென்று குனிந்து கணவனின் மடியில் முகத்தைப் புதைத்தாள். கடைக்காரர் தன் இரண்டு கைகளாலும் அவள் தலையை மூடிக்கொண்டார், மழை பெய்கிற மாதிரி. வெள்ளைக் கார் உரசிவிடும் தூரத்தில் தாண்டியது. லாரி முதலாளி தலையை நிமிர்த்தவே இல்லை. அவருக்குப் புள்ளி போதும், சாலை தேவையில்லை. ஒரு வளைவில் ஒரு மனிதரை அவர் எப்படி அடித்திருப்பார் என்று சர்வேயரம்மா விளங்கிக்கொண்டார்.

*

நீதிமன்றத்தில் டீச்சர் நின்று பேசியது அரைமணி நேரம் இருக்கும். முதலில் குரல் எழும்பவில்லை. “சத்தமா சொல்லுங்கம்மா” என்றார் நீதிபதி. அதற்குப் பிறகு பின்வரிசைப் பிள்ளைக்கும் கேட்கிற வகுப்பறைக் குரல் வந்தது.

“வண்டியை ஓட்டினது எங்க அண்ணன். நான் பக்கத்துல இருந்தேன். ‘நிறுத்துங்க அண்ணா’ன்னு சொன்னேன். அவர் நிறுத்தலை. நானும் இத்தனை மாசம் வாயைத் திறக்கலை.”

கூண்டில் நின்ற டிரைவர் அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நெற்றியை அதில் சாய்த்தான். அரசுத் தரப்பு வக்கீல் குறுக்கே குறுக்கே புகுந்து, அண்ணன் தங்கைக்குள் மனஸ்தாபமா, வீட்டில் சண்டையா என்றெல்லாம் கிளறினார். “சண்டை எதுவும் இல்லைங்க. அவர்மேல எனக்குப் பாசம்தான்” என்றாள் டீச்சர். வக்கீல் உட்கார்ந்துவிட்டார். லாரி முதலாளியை உடனே வரவழைக்க வேண்டும் என்று நீதிபதி உத்தரவிட்டார். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டைப் பற்றியும் டீச்சர் சொல்லியிருந்ததால், அந்த வேலையை அந்த இன்ஸ்பெக்டரிடம் கொடுக்க வேண்டாம், மேலதிகாரியே பார்க்கட்டும் என்றும் சேர்த்துச் சொன்னார்.

வராந்தாவில் டிரைவரின் மனைவி டீச்சருடைய கைகளைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றாள். நன்றி என்று சொல்லவில்லை. இவ்வளவு நாள் ஏன் சும்மா இருந்தாய் என்றும் கேட்கவில்லை. டீச்சர்தான் திரும்பத் திரும்ப, “மன்னிச்சுக்கோங்க அக்கா” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கடைக்காரர் குடிக்கத் தண்ணீர் தேடிப் போனார். சர்வேயரம்மா சற்றுத் தள்ளி, தூணோரமாக நின்றார். இப்படிப்பட்ட இடங்களில் என்ன செய்வது என்று அவருக்கு எப்போதுமே தெரிந்ததில்லை.

போன் அடித்தது.

“மேடம்.” லாரி முதலாளியின் குரலில் தேன் எல்லாம் வற்றிப்போயிருந்தது. “உங்க ஆளு நகரத்துக்கு வெளியே ஒரு கார் வாஷ்ல நின்னு வண்டியைக் குளிப்பாட்டிட்டு இருக்கான். எதைக் கேட்டாலும் கதை சொல்றான். என்ன விளையாட்டு இது? உங்களை எதுக்கு வெச்சேன்?”

“உங்க தங்கச்சியைக் கண்டுபிடிக்க.”

“கண்டுபிடிச்சீங்களா?”

“கண்டுபிடிச்சுட்டேன். பத்திரமா இருக்காங்க.”

“எங்கே இருக்கா?”

“கோர்ட்டு கட்டடம், முதல் மாடி. படியேறினதும் இடது பக்கம். வாசல்ல ரெண்டு அதிகாரிங்க உங்களுக்காகவே நிக்கிறாங்க. நீங்க தேட வேண்டியதில்லை, அவங்களே கூட்டிட்டு வருவாங்க.”

மறுமுனையில் வண்டி கழுவும் தண்ணீரின் இரைச்சல் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

டீச்சர் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். “அண்ணனா?”

“ஆமா.”

“என்ன கேட்டார்?”

“வழி கேட்டார்” என்றார் சர்வேயரம்மா. “சொல்லிட்டேன்.”